குடோனுக்கு வந்த கணக்குப்பிள்ளை

அப்பா சிங்கப்பூருக்கு ஒரே முறைதான் வந்தார், 2018இல், மூன்று வாரம். ஊரிலிருந்து வரும் தகப்பனார்களை எல்லாரும் எங்கெங்கே கூட்டிப்போவார்களோ அங்கெல்லாம் முதல் வாரத்திலேயே கூட்டிப்போய்விட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்த பூந்தோட்டத்தைப் பார்த்தார். மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல நிற்கும் ஹோட்டலை அண்ணாந்து பார்த்தார். "நன்றாக இருக்கிறது" என்றார். பிறர் வீட்டுக் கல்யாணத்தில் கூட்டைப் பற்றிக் கேட்டால் சொல்வோமே, அந்த 'நன்றாக இருக்கிறது'.

கும்பகோணத்தில் ஓர் அரிசி மண்டியில் 41 ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். காலையில் திறந்தவுடன் மூட்டை எண்ணுவது, குத்தூசியால் சாக்கைக் குத்தி அரிசி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பது, அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று சுற்றி வருவது, பிறகு கணக்குப் புத்தகம். நானும் ஒரு வகையில் அந்தத் தொழில்தான். துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் இருக்கிறேன். பத்து மீட்டர் உயரத்துக்கு இரும்பு அடுக்குகள். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கணினி சொல்லும். ஒரு பெட்டியைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அப்பாவை அங்கே ஒரு நாள் கூட்டிப்போனபோது, "வாசனையே இல்லையே" என்றார். எனக்கு அது பாராட்டா குறையா என்று விளங்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, ஆற்றங்கரைப் பக்கம் வெளியே வந்தோம். போட் கீ என்ற பழைய படகுத்துறைத் தெரு அடைத்துக் கிடந்தது. முந்தைய இரவு நிரம்பி வழிந்த மதுக்கூடங்களின் நாற்காலிகள் மேசைகள்மேல் கால் தூக்கிக் கிடந்தன. கழுவிவிட்ட தரையிலிருந்து பீர் நெடி எழுந்துகொண்டிருந்தது. ஆறு வளையும் இடத்தில், அந்த வளைவோடு சேர்ந்து வளையும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்களின் வரிசை. அவற்றின் முதுகுப்புறம் வங்கிக் கோபுரங்கள். அப்பா நின்றுவிட்டார். கோபுரங்களைப் பார்க்கவில்லை.

"இது மண்டித் தெரு அல்லவா?"

பத்து வருடங்களுக்கு மேல் அந்தத் தெருவில் நண்பர்களோடு சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு அது நண்டு விலை அதிகமாகச் சொல்லும் தெரு, கையில் உணவுப் பட்டியலோடு வழிமறிக்கும் ஆட்கள் உள்ள தெரு. அவருக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வாசல் குறுகல், உள்ளே நீளம். வாசல் தண்ணீரைப் பார்த்திருக்கிறது. கீழே சரக்கு, மேலே ஆள். வேறு என்ன?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டைக் கட்டடத்தோடு பொது. அந்தச் சுவர்களின் குறுக்கே மர உத்தரங்கள். உத்தரம் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவுதான் கடையின் அகலம். பின்பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகலாம். நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு திறப்பு, நம் வீட்டு முற்றத்தின் சின்னத் தம்பி. முன்னால் எல்லாக் கடைகளையும் கோத்துக்கொண்டு ஓடும் ஐந்தடி நடை. சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டக் குழுவுக்குக் கொடுத்த உத்தரவில், ஒவ்வொரு கட்டடமும் முன்புறத்தில் கூரையிட்ட, தொடர்ச்சியான நடைபாதை விட வேண்டும் என்று இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க விட்ட இடத்தில் பிறகு முடிதிருத்துபவரும் கடிதம் எழுதித் தருபவரும் உட்கார்ந்துகொண்டார்கள். திண்ணையின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இந்தக் கரை இயற்கையாக அமைந்தது இல்லை. தென்கரை முழுக்கச் சேறும் சதுப்பும். 1819இல் ஆங்கிலேயர் வந்த கையோடு வணிகர்கள் உலர்ந்த வடகரையில்தான் இடம் பிடித்தார்கள். 1822இல் திரும்பி வந்த ராஃபிள்ஸ் அதை மாற்றினார்: வடகரை அரசுக்கு, தென்கரை வணிகத்துக்கு. அருகிலிருந்த சிறு குன்றை வெட்டி, அந்த மண்ணைச் சதுப்பில் கொட்டி நிரப்பினார்கள். குன்று இருந்த இடம் தரைமட்டமாகி வணிகச் சதுக்கமாயிற்று. 1858இல் அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியது. நாங்கள் ரயிலிலிருந்து இறங்கிய இடம் அந்தக் குன்றின் அடிவயிறு. இதைச் சொன்னதும் அப்பா, "குன்றை விற்று ஆற்றை வாங்கியிருக்கிறார்கள், நல்ல பேரம்" என்றார்.

சீன வணிகர்களுக்கு இந்த வளைவு கெண்டை மீனின் வயிறுபோலத் தெரிந்தது. மீன் வயிற்றில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. ஆகவே வயிற்றை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு கட்டினார்கள். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வாணிபத்தில் முக்கால் பங்கு இந்த ஒரே கரையில் நடந்தது. நம்பிக்கை பலித்தது என்று சொல்லலாம், அல்லது எல்லாரும் ஒரே இடத்தில் கூடினால் சந்தை தானாக உருவாகும் என்றும் சொல்லலாம். அப்பா இரண்டாவது கட்சி.

பெரிய கப்பல் ஆற்றுக்குள் வர முடியாது. அது வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவருவது அடித்தட்டையான படகுகளின் வேலை. தொங்கான் என்பது அந்தப் படகுகளுக்கு நம்மவர்கள் வழங்கிய பெயர். பின்னாளில் சீனர்களின் துவாக்கோ படகுகள் ஆற்றை நிறைத்தன. அவற்றின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும், படகு வழி பார்த்துப் போகட்டும் என்று. இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரியும் படகுகளிலும் அந்தக் கண்கள் இருக்கின்றன.

ஏறக்குறைய 1860கள் வரை இந்த ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். சூலியாக்கள் என்பது அவர்களுக்கு இங்கே வழங்கிய பெயர். போட் கீயிலிருந்து நடக்கும் தூரத்தில், அந்நாளில் கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில், 1827இல் அவர்கள் ஓலைக் குடிசையாக எழுப்பிய தொழுமிடத்துக்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் என்ற பெயரில் கல் கட்டடமாக நிற்கிறது. அதே தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்காவும் உண்டு. கடல் கடந்து போனவன் ஊர் ஆண்டவரையும் கூடவே கூட்டிப் போயிருக்கிறான்.

படகு கரையை அடைந்த பிறகுதான் உண்மையான வேலை. கரையில் கற்படிகள். நீர் ஏறினாலும் இறங்கினாலும் ஏதோ ஒரு படி படகுக்கு நேராக இருக்கும். படகுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். படகிலிருந்து கரைக்கு ஒரு நடைப்பலகை. ஓர் அடி அகலம்கூட இருக்காத அந்தப் பலகையில், தோளில் மூட்டையோடு கூலியாட்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அரிசி, மிளகு, சாகோ, கொப்பரை, பிரம்பு, ரப்பர். கரையில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார். மாலையில் யாரிடம் எத்தனை குச்சியோ அவருக்கு அவ்வளவு கூலி.

குச்சிக் கணக்கைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அந்தப் பயணத்திலேயே முதல் தடவை. கணக்குப்பிள்ளைக்கு இன்னொரு கணக்குப்பிள்ளையின் தந்திரம் பிடிக்கும். அதில் ஏமாற்ற எங்கே இடமிருக்கிறது என்று உடனே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். குச்சியை வீட்டிலேயே செய்து எடுத்து வந்தால்? முனையில் சாயம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள் என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு, "இவர்கள் முதல் மூட்டைக்கு என்ன சொல்லி எண்ணியிருப்பார்கள்?" என்று கேட்டார். தஞ்சைப் பக்கம் நெல் அளந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்க வேண்டும். லாபம், இரண்டு, மூன்று. சிறு வயதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தந்த எண்ணிக்கை அது.

நான் அந்த வரிசையைப் பார்த்து, பழைய காலத்தில் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். "ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா?" மண்டியில் அவருடைய முதல் ஆறு மாதம் கணக்கில் இல்லை, சும்மாட்டில் கழிந்தது என்பதை மறந்துவிட்டேன். வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும் அவருக்கு.

அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரம் பக்கம் நடந்து கேவனா பாலத்துக்கு வந்தோம். 1869இல் கிளாஸ்கோவிலிருந்து இரும்பு வந்து, இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த தொங்கு பாலம். நீரோதம் ஏறும்போது படகுகள் அடியில் போக முடியாத அளவுக்குத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். சரக்கோடு வந்தவர்கள் நீர் இறங்கும்வரை காத்துக் கிடந்தார்கள். பெரிய பொறியாளர்கள் செய்த சிறிய பிழை. 1910இல் ஆண்டர்சன் பாலம் வந்த பிறகும் இதை இடிக்காமல் நடப்பவர்களுக்கு விட்டுவிட்டது ஒரு நல்ல காரியம். பாலத்தின் இரு முனையிலும் பழைய அறிவிப்புப் பலகை இன்னமும் இருக்கிறது: சுமையோடு சேர்ந்து மூன்று அந்தருக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக் கூடாது. "அந்தர் என்றால் 112 பவுண்டு" என்று அப்பா மனக்கணக்காகவே சொன்னார். மூன்று அந்தர் ஏறக்குறைய 152 கிலோ. "இரண்டு மூட்டை நெல் ஏற்றினால் வண்டிக்கு இடமில்லை. பாலத்தைக் காட்சிக்குத்தான் வைத்திருக்கிறார்கள்."

பாலத்தின் இந்தப் பக்கம் வெண்கலச் சிலைகள். ஐரோப்பிய வணிகர் ஒருவர் மலாய்த் தலைவரோடும் சீன வணிகரோடும் பேசிக்கொண்டிருக்க, ஓரத்தில் கூலியாட்கள் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள். அந்தப் பக்கம், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் வாசலை ஒட்டி, தாழ்வான சாய்மேசைக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்த செட்டியார். அவரைச் சுற்றி இன்றைய நிதித் தொழிலின் ஆட்கள். அப்பா அந்த மேசையின் உயரத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தார். தன்னுடையது இதைவிட இரண்டு விரல் உயரம் என்றார்.

வடகரையோடு மேல்நோக்கி நடந்தால் ராஃபிள்ஸ் இறங்கியதாகக் குறிக்கப்பட்ட இடத்தில் அவருடைய வெள்ளைச் சிலை. அடுத்த ஜனவரியில், அதாவது 2019இல், இருநூறாவது ஆண்டை ஒட்டி அவர் பக்கத்தில் இன்னும் நான்கு பேரைச் சில நாட்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் கப்பலில் வந்தவர், இங்கே முதலில் செங்கல் சூளை வைத்தவர். ஊர் ஒன்று செங்கல்லுக்கு மாறப் போகிறது என்பதை ஒரு பிள்ளை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்கிறார். அந்தச் சிலையின் படத்தைப் பிறகு அப்பாவுக்கு அனுப்பினேன். "தலைப்பாகை சரியில்லை" என்று பதில் வந்தது.

கிளார்க் கீ. 1873 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயர். போட் கீயில் கடையும் கிடங்கும் ஒன்றோடொன்று கலந்தவை என்றால் இங்கே இருப்பவை அசல் கிடங்குகள். அகலமான உடல், தடித்த சுவர், உயரத்தில் சிறு சிறு சாளரங்கள், முகப்பின் தலையில் முக்கோணமாகவோ வளைவாகவோ ஒரு நெற்றிச்சுவர், ஓட்டுக் கூரை. சரக்குக்கு வெளிச்சம் வேண்டாம், காற்று வேண்டும். திருடனுக்கு இரண்டுமே கிடைக்கக் கூடாது. அந்த மூன்று தேவைகளையும் வைத்துக்கொண்டு யார் வரைந்தாலும் இந்தக் கட்டடம்தான் வரும்.

ஆனால் நாங்கள் போனபோது அங்கே முதலில் தெரிந்தது வண்ணம். மஞ்சள், ரோஜா, பச்சை, ஊதா என்று பட்டாசுக் கடைபோல. 1993 டிசம்பரில் இந்த ஐந்து கட்டடத் தொகுதிகளையும் கேளிக்கை வளாகமாகத் திறந்தார்கள். 2006 வாக்கில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஒருவர் தெருக்களின் தலைக்கு மேல் ராட்சதக் குடைகளை விரித்தார். வெப்பத்துக்கு அது நல்லதுதான், மழைக்கும் ஒதுங்கலாம். ஆனால் அண்ணாந்தால் கூரைகளைப் பார்க்க முடிவதில்லை. கிடங்கின் அழகு கூரையில் இருக்கிறது என்பது என் கட்சி.

அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், குனிந்து தரைமட்டத்தைப் பார்த்தார். "இவ்வளவு தாழ்வாக இருந்தால் தண்ணீர் ஏறும்போது என்ன செய்தார்கள்?" மண்டியில் அட்டியைத் தரையில் நேராகப் போடமாட்டார்கள். கீழே மரச்சட்டம் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் அடுக்குவார்கள். சுவர் ஈரத்தைக் குடிக்கும், மூட்டை அதைச் சுவரிடமிருந்து குடிக்கும். இங்கேயும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு மூச்சு உண்டு, உள்ளே போன ஈரம் வெளியேயும் வந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். கட்டடப் பாதுகாப்பு நிபுணர்கள் இதை நீண்ட அறிக்கைகளாக எழுதுகிறார்கள். சுண்ணாம்பு வேலையில் சிங்கப்பூருக்கு நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 1861இல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு இந்தியக் கைதிகள் முட்டையின் வெள்ளைக்கரு, சிப்பிச் சுண்ணாம்பு, கரும்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசினார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்று அதற்குப் பெயர். "கடுக்காய் போடவில்லையா?" என்று கேட்டார் அப்பா.

பக்கத்திலேயே ஒரு பனிக்கட்டிக் கிடங்கு. அதாவது, அதன் நகல். 1854இல் வம்போவா என்று எல்லாரும் அழைத்த ஹூ ஆ கே என்ற வணிகர் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்து விற்க முயன்றார். பூமத்திய ரேகைக்கு ஐஸ் இறக்குமதி. வியாபாரம் நெடுநாள் ஓடவில்லை, ஆனால் கட்டடம் 1981 வரை நின்றது. சாலையை அகலப்படுத்த அதை இடித்தார்கள், பிறகு அதன் சாயலில் இங்கே ஒன்றைக் கட்டினார்கள். சரக்கும் கரைந்தது, கிடங்கும் கரைந்தது.

மேலே ராபர்ட்சன் கீ வரை போனோம், ஆனால் வெயில் ஏறிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஹேவ்லாக் சாலையில், 1895இல் எழுந்த மூன்று முகட்டுக் கூரைக் கிடங்கு ஒன்று 2017இல் ஹோட்டலாகத் திறந்தது. உள்ளே கூரையின் மரச்சட்டங்களை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆற்றோரத்தில் கிடங்கைக் கிடங்காக மதித்த புதுப்பிப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். ஒரு காபியின் விலையைப் பார்த்துவிட்டு இருவரும் வெளியிலிருந்தே ரசித்தோம்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது அப்பா, "இவர்கள் குடோனுக்கு என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். குடோன் என்றுதான் சொல்வார்கள் என்றேன். கும்பகோணத்திலும் அதே. மண்டியில் யாரும் 'கிடங்கு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது அரசாங்கத்துப் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும் சொல். முதலாளி முதல் வண்டிக்காரர் வரை எல்லாருக்கும் குடோன்தான், ஆங்கிலச் சொல் என்ற நினைப்பில். ஆனால் ஆங்கிலத்துக்கு அது போர்த்துகீசியர் வழியாக மலாயின் 'குடாங்'கிலிருந்து போனது. மலாய்க்கோ தமிழின் கிடங்கு அல்லது தெலுங்கின் கிட்டங்கியிலிருந்து போயிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நாம் ஏற்றுமதி செய்த சரக்கை வேறு முத்திரை குத்தி நமக்கே விற்றிருக்கிறார்கள். அப்பா இதை ரசித்தார். "தரகு யாருக்கு?" என்றார்.

இன்னும் பின்னால் போனால் கிடங்கு என்பது சரக்கறையே இல்லை. சங்கப் பாடல்களில் அது கோட்டையைச் சுற்றிய அகழி. வெட்டிய பள்ளம் எதுவும் கிடங்குதான். அப்பாவின் தாய்வழிப் பாட்டி வீட்டில் எருக்குழியைக்கூட அப்படிச் சொல்வார்களாம்.

கிட்டங்கி என்ற வடிவம் இன்னொரு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. 1820களிலிருந்து வந்துகொண்டிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மார்க்கெட் தெருவில், போட் கீக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், கிட்டங்கிகள் வைத்தார்கள். கிட்டங்கி என்றால் சரக்கறை, வட்டிக்கடை, தங்குமிடம் எல்லாம் ஒன்று. நீளமான ஒரு கூடம். அதில் பல கடைகள். ஒரு கடைக்கு உரியது சுவரோரம் கொஞ்சம் தரை, ஒரு சாய்மேசை, ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி. பகலில் அங்கேயே வரவு செலவு, இரவில் அதே இடத்தில் பாய். சமையல்காரர் பொது. பெண்கள் இல்லை, குடும்பம் இல்லை, மூன்று வருடக் கணக்கு முடித்தால் ஊர். பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்புவான். இவர்களிடம் கடன் வாங்கித்தான் பல சிறு வணிகர்கள் ஆற்றங்கரைக் கிடங்குகளில் சரக்கு நிரப்பினார்கள். மார்க்கெட் தெருவுக்குத் தமிழர் வாயில் 'செட்டித் தெரு' என்றே பெயர். 1859இல் அவர்கள் டேங்க் சாலையில் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலின் தைப்பூசத்துக்கு இன்றும் ஊரே கூடுகிறது.

இந்த இடத்தில் என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தபோதே ஆற்றுப் படகுகளின் காலம் முடியத் தொடங்கியது. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். செய்தும் காட்டினார்கள். ஏறக்குறைய 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவு. ஆயிரக்கணக்கான நடைபாதை உணவுக்கடைகள், பன்றிப் பண்ணைகள், பட்டறைகள் எல்லாம் இடம் மாறின. 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. நூற்றைம்பது வருட நெரிசலுக்குப் பிறகு ஆறு காலியாயிற்று. நாறிய ஆற்றுக்காக நான் ஏங்கமாட்டேன். அந்த நாற்றத்தில் வாழ்ந்தவர்கள் யாரும் ஏங்குவதாகத் தெரியவில்லை. 2008இல் முகத்துவாரத்தில் அணை கட்டிய பிறகு நீரோதமும் நின்றுவிட்டது. படிகளில் நீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. குடிநீர்த் தேக்கத்தின் கரையில் உட்கார்ந்துதான் இப்போது பீர் குடிக்கிறார்கள்.

சரக்கு போன பிறகு, 1989 ஜூலையில், போட் கீ உட்பட நகரின் பல பழைய பகுதிகள் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. முகப்பை மாற்றக் கூடாது, கூரை வடிவத்தை மாற்றக் கூடாது, பொதுச் சுவரை இடிக்கக் கூடாது. நல்ல சட்டம், கண்டிப்பான சட்டம். ஆனால் மார்க்கெட் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. நிதி மையத்தைப் பெரிதாக்கிய வேகத்தில் கிட்டங்கிகள் அதற்கு முன்பே இடிபட்டிருந்தன. ஆற்றோரம் வருமானம் குறைந்துபோனதால் கட்டடங்கள் பிழைத்தன. ஒரு தெரு தள்ளி நிலத்தின் விலை ஏறியதால் கட்டடங்கள் போயின. கடன் கொடுத்தவனின் வீடு போய், கடன் வாங்கியவனின் வீடு நிற்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. "வாராக்கடன் எந்தப் புத்தகத்திலும் உண்டு" என்றார்.

திரும்பும் வழியில் மார்க்கெட் தெருவைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் 1984இல் கட்டிய பல மாடிக் கார் நிறுத்தகம் ஒன்று இருந்தது, மேல் தளங்களில் உணவங்காடியோடு. நாங்கள் போனதற்கு முந்தைய ஆண்டுதான் அதையும் இடித்திருந்தார்கள். 2021இல் அந்த இடத்தில் 280 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்துவிட்டது. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை வெறும் தடுப்புப் பலகைகள்தான். வேலையாட்கள் இல்லை. அலுவலகத் தெரு, ஈ காக்கை இல்லை.

பலகைகளுக்கு நடுவே ஓரிடத்தில் விரற்கடை அளவு இடைவெளி. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை அதில் வைத்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பின்னால் நின்று, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"கிடங்கு" என்றார். "நல்ல ஆழம்."